கார்லின் முப்பது போத்தல்களுக்கு நான் செய்த உபகாரம்

நன்றிக்கடன் தலைக்கேறிவிட்டால் நான் ஆபத்தான ஆள். வாயால் நன்றி சொல்ல வராது, தும்புத்தடியைத் தூக்கிக் கூட்டத் தொடங்கிவிடுவேன்.

டென்மார்க்கில் ரண்டர்ஸ் நகருக்கு வந்த புதிதில் எனக்கு டேனிஷ் படிப்பித்தவர் கார்ல், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். யாழ்ப்பாணத்தில் குண்டுச் சத்தத்துக்குள் இருந்த என் மனைவி ஜெசிந்தாவை இங்கே எடுக்க நான் போட்ட விண்ணப்பத்துக்குப் பதிலே இல்லை. (எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை மேலிடத்தில் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்பது பிறகுதான் வெளிவந்தது.) மாதாமாதம் எனக்காகக் கடிதம் எழுதியவர் கார்ல் ஒருவர்தான்.

கடிதம் முடிந்ததும் வைன் பாடம் தொடங்கும். இளம் வயதில் பிரான்சில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் பழம் பறித்தவராம். வருடா வருடம் அங்கிருந்து இரண்டு போத்தல் வாங்கி வந்து நிலவறையில் படுக்க வைத்திருந்தார். ஐந்து தலைமுறைத் தோட்டம். ஒருமுறை வேரில் பூச்சி விழுந்து கொடியெல்லாம் பட்டுப்போக, முதலாளியின் பாட்டனார் அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டி மீட்டாராம். புளிக்க வைத்துப் பிழிந்த சாறு ஓக் பீப்பாவில் ஒன்றரை வருடம், பிறகு போத்தலில் பத்துப் பன்னிரண்டு வருடம், இருட்டில். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பாதி விளங்கவில்லை.

செப்டெம்பரில் அறுவடை பார்க்கப் போனவர், பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வீட்டுத் திறப்பைத் தந்தார். அது ஐந்து நிமிட வேலை. நிலவறையை எட்டிப் பார்த்தேன். முப்பது போத்தலிலும் தூசி, சிலந்தி வலை, பூஞ்சணம். பாவம் மனுசன், குனிந்து துடைக்க ஏலாமல் விட்டுவிட்டார் என்று நெஞ்சு உருகிவிட்டது. சுடுதண்ணீர், சவர்க்காரத் தூள், பிரஷ். இரண்டு நாள் தேய்த்தேன். லேபிள்கள் உரிந்தன, உரியாததைச் சுரண்டி எடுத்தேன். (சுத்தம் என்றால் முழுச் சுத்தம்!) எல்லாவற்றையும் நிமிர்த்தி வரிசையாக வைத்துவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கார்ல் வந்து பார்த்தார். நிலவறைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எது எந்த வருடம் என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்றார், மெதுவாக. எனக்குப் பயம் பிடித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வைனுக்காக இல்லை. இனி யார் கடிதம் எழுதுவார் என்றுதான்.

பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"மனைவியின் விண்ணப்பத்துக்குப் பதில் வந்ததா?"

இல்லை என்றேன். கைக்கு அகப்பட்ட போத்தலைத் திறந்தார். தக்கையில் வருடம் அச்சடித்திருந்தது. திறந்தால்தான் தெரியும் என்றால் திறக்கவேண்டியதுதான் என்று சொல்லி, கடதாசியை எடுத்து எழுதத் தொடங்கினார். அதன் பிறகு ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு போத்தல்.

ஜெசிந்தா வந்து சேர்ந்தபோது மிச்சம் ஆறு. முதல் ஞாயிறே அவளை அவரிடம் கூட்டிப்போனேன். அவர் ஊற்றித் தந்ததில் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். பன்னிரண்டு வருடம் இருட்டில் கிடந்த அருமையான சாமான் என்று விளக்கி, நான் கழுவின கதையையும் கக்கினேன். அவள் கார்லைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னாள்:

"ஐயா, நானும் மூண்டு வருசம் கரண்ட் இல்லாமல் இருட்டுக்குள்ளைதான் கிடந்தனான். இந்த மனுசன் என்னையும் கழுவ வெளிக்கிடாமல் பாத்துக்கொள்ளுங்கோ."

மொழிபெயர்த்தேன். கார்ல் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

இன்றைக்கும் நான் பிரஷைக் கையில் எடுத்தால், அம்மாவை ஒளித்து வையுங்கள் என்று பிள்ளைகள் டேனிஷில் சத்தம் போடுவார்கள். அவளும் முழங்கால் நோவோடு எழும்பி ஓடுவாள்.