டப்பாவைத் திறக்காத குற்றம்

தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை ஜி.எஸ்.டி. ரோட்டின் இருபுறமும் ஒரு காலத்தில் இருந்த கம்ப்யூட்டர்களில் பாதி, மின்சாரத்தால் ஓடவில்லை. பள்ளிப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் ஓடின. அந்த ரப்பரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மொபெட்டில் வருகிறவனுக்கும் ரப்பர் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கள் இரும்புலியூர் தெருவில் யாருக்கும் தெரியாது. நானும் கேட்டதில்லை. என் குற்றங்களில் அது சிறியது.

கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று போன் செய்தால் போதும், பீர்க்கன்கரணையிலிருந்து வந்து இறங்குவான். கம்ப்யூட்டர் டப்பாவைத் திறப்பான். மெமரி அட்டையைப் பிடுங்கி, அதன் தங்க நிறப் பல்வரிசையை ரப்பரால் தேய் தேய் என்று தேய்ப்பான். ஊதுவான். பிறகு மோந்து பார்ப்பான். "ஆங், இப்போ பேசுவான்" என்று திரும்பச் சொருகுவான். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். தேய்ப்பதற்குக் காரணம் எனக்குத் தெரியும். மோந்து பார்ப்பதற்குத்தான் இன்றுவரை கிடைக்கவில்லை.

நோயாளியைவிட வீட்டுக்காரர்களைத்தான் அதிகம் திட்டுவான். கீழ் வீட்டு ஸ்டெல்லா டீச்சர், ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டருக்குப் பூ வேலை செய்த உறை மாட்டி வைத்திருந்தார்.

"இன்னாக்கா இது? சித்திரை வெயில்ல ஸ்வெட்டர் மாட்டிட்டு ஓடு ஓடுன்னா எப்டி ஓடுவான்?"

எனக்கு, திரை நின்றுவிட்டால் ரிஃப்ரெஷ் பொத்தானை மளமளவென்று தட்டும் பழக்கம். என் கையைத் தட்டிவிட்டான். "சார், களைச்சிப் போய் படுத்துகினு கீறவனை இப்டி அஞ்சு வாட்டி முதுவுல அடிச்சா எய்ந்து ஓடுவானா? எய்ந்து உங்களைத்தான் அடிப்பான்!"

தூசி ஊதும் மெஷின் ஒன்றும் வைத்திருந்தான். முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, டப்பாவை என் பால்கனிக்குத் தூக்கிப் போய் ஊதினால், வெட்டுக்கிளிக் கூட்டம்போல் தூசி கிளம்பும். ஒருமுறை அது நேராகக் கீழே இறங்கி, மாதா கோயிலுக்காக ஸ்டெல்லா டீச்சர் துவைத்துக் காயப்போட்டிருந்த வெள்ளைப் புடவையில் படிந்தது.

"ரப்பர்! என்னப்பா, மேலேருந்து மண்ணு கொட்டுது?"

"மண்ணு இல்லக்கா, சாரோட நாலு வருஷம்!"

அவனிடம் ஒரு விசித்திரம் உண்டு. மனிதர்களிடம் பேசும்போதும் டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு அதைப் பார்த்தேதான் பேசுவான். எது எனக்கு, எது மெஷினுக்கு என்று பிரிப்பது கடினம். சில நாளில் நான் பிரிப்பதையே விட்டுவிட்டேன். "ம்" கொட்டிக்கொண்டு பேப்பர் படிப்பேன்.

என் மனைவி ரூத் இறந்த மறு வருடம் கம்ப்யூட்டர் அடியோடு படுத்துவிட்டது. அவளுடைய படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் காற்று குடையைத் திருப்பிவிட, வாய்விட்டுச் சிரிக்கும் படம் உட்பட. ரப்பர் வந்தான். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் புதியது மாட்டினான். வழக்கம்போல் டப்பாவோடு ஏதோ பேசினான். "பழசு வீக்கா கீது, ஓட்டக் கூடாது. உள்ளயே பத்திரமா கட்டி வெச்சிக்கீறேன். அப்பாலிக்கா வந்து ஒண்ணொண்ணா எடுத்துக்கலாம், இன்னா?" நான் பேப்பருக்குப் பின்னாலிருந்து "ம்" என்றேன்.

கம்ப்யூட்டர் குதிரையாக ஓடியது. மறுநாள் ரூத்தின் படங்களைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை.

மாலையில் தெருவே தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு எங்கள் வீட்டு கேட் அருகே நின்றது. அந்த வழியாக மொபெட்டில் வந்தவனை மறித்தேன். "வேகம் வேணும்னு கேட்டா, என் ரூத்தையே அழிச்சிட்டியேடா!"

"ஐயோ, இல்ல சார், டப்பாவைத் தொறந்து பாருங்க..."

"நீ ஒரு தடவை தொறந்ததே போதும்!"

சிலர் சிரித்தார்கள். கூட்டம் சிரித்ததும் எனக்கு வேகம் வந்துவிட்டது. ஒரு ரப்பரை வைத்துக்கொண்டு ஊரை ஏமாற்றுகிறவன் என்றேன். அவன் இரண்டு முறை வாயைத் திறந்தான். இரண்டு முறையும் குறுக்கே பேசினேன். மொபெட்டைத் திருப்பிக்கொண்டு போனான். அதற்குப்பின் எங்கள் தெருவில் யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

எட்டு வருடங்கள் ஓடின. போன மாதம் கம்ப்யூட்டர் மறுபடி படுத்தது. கடையிலிருந்து வந்த பெண் டப்பாவைத் திறந்து, "அங்கிள், உள்ளே இன்னொரு ஹார்ட் டிஸ்க் கட்டியிருக்கே, யார் வெச்சது?" என்றாள். ஒரு மூலையில், பஞ்சு உறை சுற்றி, ஒயரால் இரண்டு முடிச்சுப் போட்டு இருந்தது. மேலே ஒட்டிய பிளாஸ்திரியில் கோணல் எழுத்து: "அம்மா போட்டோ. கை வெக்காத." கீழே அவன் போன் நம்பர்.

அதை இணைத்ததும், காற்று திருப்பிய குடையோடு ரூத் சிரித்தாள்.

அடுத்த தண்ணீர் லாரி வந்த அன்று, அதே கேட் அருகே நின்று, அன்று நான் சொன்னது பொய் என்று சொன்னேன். "இதைச் சொல்ல இவ்வளவு வருஷமா சார்?" என்றார் ஸ்டெல்லா டீச்சர்.

பிறகு, மன்னிப்புக்காக நான்கு வாக்கியங்கள் எழுதிக்கொண்டு அந்த எண்ணுக்கு அடித்தேன். "ஹலோ" என்றேன்.

"சாரா! இன்னா சார், திரும்பி ஸ்லோ ஆயிட்ச்சா?"

கையிலிருந்த வாக்கியங்கள் மங்கின. முதல் வாக்கியத்தை எப்படியோ படித்தேன். மறுமுனையில் ஒரே இரைச்சல். "சார், ஒண்ணும் கேக்கல. திருமுடிவாக்கத்துல லேத் பட்டறைல கீறேன். ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வரேன், நேர்ல சொல்லுங்க."

கம்ப்யூட்டர் இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது. வருகிறவனுக்கு ஊத ஏதாவது வேண்டுமே என்று அதைத் துடைக்காமல் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை புடவை காயப்போட வேண்டாம் என்று ஸ்டெல்லா டீச்சரிடமும் சொல்லிவிட்டேன்.