பூவம்மா காலி செய்ய மறுத்த வீடு

சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர்
1909 ஆகஸ்டு 14

மரியாதைக்குரிய மச்சான் காதர் மைதீன் அவர்கள் சமூகத்துக்கு, நெய்னா முகம்மது சலாம் கூறி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் நான் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறேன். அங்கே நாகூரில் தாங்களும், என் தங்கச்சி சம்சுன்னிசாவும், பிள்ளைகளும் அப்படியே இருக்க துஆ செய்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதைத் தங்கச்சிக்கும் வாசித்துக் காட்டிவிட்டு, இருவரும் ஒரு மிடறு தண்ணீர் குடித்த பிறகு மற்றதைப் படியுங்கள். வீடு நம் கையை விட்டுப் போகவில்லை.

சென்ற கடிதத்தில் ‘வீட்டில் சில்லறை வேலை நடக்கிறது’ என்று எழுதியிருந்தேன். அது பொய். ஜூலை முதல் வாரத்தில் ஒரு நாள் சுகாதார இன்ஸ்பெக்டர் துரை வந்தார். கீழ்த்தளத்தில் பலகை அடித்து நாம் வாடகைக்கு விட்டிருந்த நான்கு அறைகளில் ஒன்றுக்குள் போய், பட்டப்பகலில் தீக்குச்சி கிழித்துப் பார்த்தார். உள்ளே படுத்திருந்த மாட்டுவண்டிக்காரர் ஒருவர் எழுந்து அவருக்குக் கும்பிடு போட்டார். அங்கே ஆள் இருப்பது அதுவரை எனக்கே தெரியாது. பின்சுவர் பிளந்திருக்கிறது, கூரை ஒழுகுகிறது, அறைகளில் காற்றில்லை, நாற்பது நாளில் எல்லாவற்றையும் சீர்செய்யாவிட்டால் வீட்டைப் பூட்டிவிடுவோம், ஒருவரும் குடியிருக்கக் கூடாது என்று தாள் கொடுத்துவிட்டுப் போனார். தங்கச்சி கழற்றிக் கொடுத்த வளையல்கள்தானே மச்சான் இந்த வீடாக நிற்கின்றன! இதை எந்தக் கையால் நான் எழுதுவேன்?

வேலை முடியும்வரை வெளியே இருங்கள் என்றதும் குடியிருந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், பூவம்மாவைத் தவிர. அவள் பின்கட்டில் அடுப்பு வைத்து, வண்டிக்காரர்கள் நாற்பது பேருக்குச் சோறு போடுகிறவள். “நான் எங்கயும் போகல மரைக்காயரே. நீங்க ஒடைக்கிறத ஒடைங்க, நான் ஆக்குறத ஆக்குறேன்” என்றாள். நான் குரலைக் கனமாக்கிக்கொண்டு, “வீட்டுக்காரன் சொல்றேன்” என்றேன். “தெரியுதே, அதான் கூரை ஒழுகுது” என்று சொல்லிவிட்டு வெங்காயம் அரியப் போய்விட்டாள்.

கொத்துவேலைக்கு வடிவேலு மேஸ்திரியைப் பிடித்தேன். இருபதே நாள் என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். முதல் நாள் காலையிலேயே பின்சுவர் முழுவதையும் இடித்துத் தள்ளியதைப் பார்த்து, இப்படி ஒரு சுறுசுறுப்பா என்று பூரித்துப் போனேன். அதோடு சரி, மச்சான். செங்கல் வரவில்லை என்றார், செங்கல் வந்தபோது சுண்ணாம்பு ஆறவில்லை என்றார், சுண்ணாம்பு ஆறியபோது மழை என்றார், மழை விட்டபோது ஆட்கள் பூவம்மாவிடம் மீன்குழம்புச் சோறு தின்றுவிட்டு வாசல் அஞ்சடி நடைபாதையில் வரிசையாகப் படுத்து அஸர் தொழுகை நேரம்வரை குறட்டை விட்டார்கள். இதற்கிடையில் பின்சுவர் இல்லாத வழியாக, பக்கத்து மாட்டுப் பட்டியிலிருந்து ஒரு எருமை உள்ளே வந்து, அரிந்து வைத்த கத்தரிக்காயைத் தின்றுவிட்டு, நடை வழியே நேராக வந்து வீதியைப் பார்த்து நின்றுவிட்டது. திருப்ப இடமில்லை, பின்னால் நடக்க அதற்குத் தெரியவில்லை. நான் மாட்டு வியாபாரம் தொடங்கிவிட்டதாக நினைத்து இரண்டு பேர் விலை கேட்டார்கள். வாசல் கதவைக் கழற்றித்தான் அதை வெளியேற்றினோம். கழற்றிய கதவு மறுபடி பொருந்தவில்லை. அந்த வாரமே மேஸ்திரி கூரை ஓடுகளை எல்லாம் இறக்கினார். இறக்கியதும் மறுபடி மழை. மாடியில் என் அறையில், பத்திரப் பெட்டியின்மேல் உட்கார்ந்து, குடை பிடித்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன்.

இருபத்தெட்டாம் நாள், செங்கல் குவியலில் உட்கார்ந்திருந்தவனுக்கு அழுகை வந்துவிட்டது. தங்களிடம் மறைப்பானேன்? பூவம்மா பார்த்துவிட்டாள்.

“என்ன மரைக்காயரே, கண்ணுல சுண்ணாம்பு பட்டிருச்சா?”

துரையின் தாளைப் பற்றியும் தங்கச்சியின் வளையல்களைப் பற்றியும் அப்போதுதான் அவளிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இத மொதல்லயே சொல்லக் கூடாதா? எங்களத் தொரத்திட்டு வாடகைய ஏத்தத்தான் இடிக்கிறீங்கன்னு நெனச்சேன். அதான் அந்த ஆளுங்களுக்கு ரெண்டாந் தடவையும் மூணாந் தடவையும் சோத்த அள்ளி வச்சேன். தின்னவன் தூங்காம என்ன செய்வான்?”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஏனோ சிரிப்புதான் வந்தது, அவளுக்கும் வந்தது.

மறுநாள் காலை அவள் ஒரு கரித்துண்டை எடுத்துப் பக்கச் சுவரில் கோடு போட்டாள். “சுவரு இந்த உசரத்துக்கு ஏறுனா மீன். ஏறலன்னா கஞ்சி” என்றாள். முதல் நாள் எல்லாரும் கஞ்சி குடித்தார்கள். அடுத்த நாளிலிருந்து செங்கல்லும் சுண்ணாம்பும் எங்கிருந்தோ வந்து குவிந்தன. வடிவேலு மேஸ்திரி என்னிடம் வந்து, “இந்த வேலைக்கு மொதலாளி நீங்களா, அந்த அம்மாவா?” என்று குமுறினார். எனக்கும் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன். முப்பத்தொன்பதாம் நாள் மாலை கடைசி ஓடும் ஏறிவிட்டது. பலகைத் தடுப்புகள் போய், சுவரில் மூன்று சன்னல்களும் வந்துவிட்டன.

நேற்று துரை வந்தார். எல்லா இடமும் பார்த்தார். பிறகு சன்னலருகில் நின்று மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, “வெரி குட்” என்றார். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அல்ஹம்துலில்லாஹ்! நாற்பது நாள் நெஞ்சின்மேல் கிடந்த பாரம் இறங்கியதும் அங்கேயே புதுத் தளத்தில் படுத்துத் தூங்கிவிட்டேன்.

இனி எனக்கு ஒரு கவலையும் இல்லை. யாருக்கு இடம் விடுவது, வாடகை வாங்குவது, வீட்டைச் சுத்தமாக வைப்பது எல்லாவற்றையும் பூவம்மாவிடமே விட்டுவிட்டேன். முழு அதிகாரமும் உனக்குத்தான் என்று நாலு பேர் முன்னிலையில் சொன்னேன். என் மாடி அறையில் இப்போது அருமையான காற்று. தாங்கள் அடுத்த கப்பலில் வாருங்கள், என்னோடு இங்கேயே தங்கலாம்.

தங்கச்சிக்கு என் சலாமும், பிள்ளைகளுக்கு என் முத்தமும் சேரட்டும். தங்கள் இல்லத்தில் பரக்கத் பெருக ஆண்டவன் அருள்வானாக.

தங்கள் அன்புள்ள மச்சான்,
நெய்னா முகம்மது

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், பூவம்மா மாடிக்கு வந்தாள். அச்சாபீசில் வேலை பார்க்கும் ஒருவர் குடும்பத்தோடு இந்த அறைக்கு வருகிறாராம், வாக்குக் கொடுத்துவிட்டாளாம். “வாடக குடுக்காம ஒருத்தர் மாடியில ஒக்காந்திருந்தா மத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன், மரைக்காயரே?” என்று கேட்டாள். நானும் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலி செய்கிறேன். எனக்கு வேறு இடம் கிடைக்கும்வரை தாங்கள் புறப்பட வேண்டாம். அப்படியே வருவதாயிருந்தால் இடம் கேட்டு அவளுக்கே நேராக எழுதுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டாள்.