சும்மா இருந்து சம்பளம் வாங்கிய சிலை

சும்மா இருப்பதற்குச் சம்பளம் வாங்கிய ஒரே யாழ்ப்பாணத்தான் இந்த லண்டனில் அவன்தான். மற்ற எல்லாரும் சும்மா இருந்து சம்பளத்தை இழந்தவர்கள்.

எண்பதுகளில் செவன் கிங்ஸில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, புதிதாக வந்த இளைஞர்களுக்கு அறை கொடுத்திருந்தேன். வயதில் மூத்தவன், பட்டதாரி. ஆகவே அங்கே என் சொல்தான் சட்டம். எல்லாருடைய அகதி வழக்கும் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. பால் போத்தல் வைப்பவன் வாசலில் கொஞ்சம் கூடுதலாக நின்றால் அவனையும் சந்தேகித்தோம்.

சின்ன அறைக்காரனுக்கு நாங்கள் வைத்த பெயர் சிலை. இருந்தால் அசைய மாட்டான். குட்மேய்ஸ் ஸ்டேஷன் வாங்கில் ஒருநாள் ரயிலுக்கு இருந்தபோது அவன் தலையில் புறா வந்து குந்தியது. ரயில் வந்த பிறகுதான் அதை எழுப்பினான். அவன் சமைக்கிற நாள் என்றால் இன்னும் மோசம். அகப்பையைத் தூக்கியபடி சுவரைப் பார்த்து நிற்பான். பருப்பு கருகி, பக்கத்து வீட்டுக்காரி சுவரில் இடித்தாலும் கை இறங்காது.

எங்களை உறுத்தியது அவனுடைய வேலை. முன் அறையில் இருந்த குணம் என்பவன் பெற்றோல் ஷெட்டில் வேலை செய்தான். வீட்டுக்குள் வர முன்பே மணம் வந்துவிடும். சிலையோ கழுவித் துடைத்த மாதிரிப் போய், அப்படியே திரும்புவான். கையில் ஒரு பை. அவன் குளிக்கப் போன நேரம் பார்த்துக் குணம் அதைத் திறந்தான். உள்ளே அயன் பண்ணிய சாரம், ஊரில் கட்டுகிற லுங்கி.

"சாரம் கட்டிக்கொண்டு லண்டனிலை என்ன வேலை அண்ணை?" என்றான்.

நான் சிலையை மறித்தேன்.

"என்ன வேலையடாப்பா செய்யிறாய்?"

"சும்மா இருக்கிறன் அண்ணை. காசு தருகினம்."

"ஆர்?"

"வெள்ளையள்."

"சும்மா இருக்கிறதுக்கோ?"

"ஓம். அசைஞ்சால்தான் பேச்சு விழும்."

வெள்ளைக்காரன் தமிழனுக்குச் சும்மா காசு கொடுத்தால் அது எங்களைக் காட்டிக்கொடுப்பதற்குத்தான் என்று முடிவு கட்டினோம். அடுத்த வாரமே குணத்தின் வழக்கு நிராகரிக்கப்பட்டது. வேறு சாட்சி வேண்டுமா?

"தம்பி, நீ வேறை இடம் பார்" என்றேன்.

"எனக்கு இஞ்சை வேறை ஒருத்தரும் இல்லை அண்ணை."

"காசு தாறவையிட்டைப் போ."

மழைக்குள் பையோடு போனான். குணம் தன் பிறந்த திகதியை இரண்டு விதமாகச் சொன்னதால்தான் வழக்குத் தோற்றது என்று லோயர் பிறகு என்னிடம் சொன்னார். நான் அதை வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சிலையைத் தேடவும் இல்லை.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்துப் பழைய ஓவியப் பள்ளியை மூட முடிவு செய்தார்கள். மேசை கதிரை மலிவாகப் போகும் என்று கேள்விப்பட்டுப் போனேன். நடைவழிச் சுவரில் பள்ளியின் சரித்திரத்தைப் படங்களாக வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். நீளப் பாவாடைச் சீமாட்டிகள் பூச்சாடி வரைகிறார்கள். யுத்தத்தில் கூரை பறந்த வகுப்பறை. அறுபதுகளின் சடைமுடி மாணவர்கள். கடைசிச் சுவருக்கு வந்தேன். சாரம். கரியில் சாரம், நீர்வர்ணத்தில் சாரம், களிமண்ணில் சாரம். எல்லாவற்றுக்கும் மேலே அதே முகம். ஒன்றில், அகப்பை இல்லாமல், அதே தூக்கிய கை.

வெள்ளைக்காரப் பெண்கள் பார்த்து வரைய, மேற்சட்டையில்லாமல் இருக்கிறேன் என்று எங்களிடம் எப்படிச் சொல்வான்? ஊரில் அவனுக்குக் கலியாண வயதில் இரண்டு தங்கைகள்.

பக்கத்து அறையில் கடைசி வகுப்பு நடந்தது. நடு மேடையில் அவன், கொஞ்சம் நரைத்து. நேரே போய் முன்னால் நின்றேன்.

"தம்பி, நான் பிழை விட்டிட்டன். நீ காட்டிக்குடுக்கேல்லை எண்டு தெரிஞ்ச பிறகும் உன்னைத் தேடேல்லை."

அவன் கண் இமைக்கவில்லை. வகுப்பு முழுவதும் பென்சிலை நிறுத்தி என்னைப் பார்த்தது. உதடு அசையாமல் குரல் மட்டும் வந்தது.

"அண்ணை, வெளிச்சத்தை மறைக்கிறியள்."

விலகி, வாசல் பக்கம் திரும்பினேன்.

"போகாதேங்கோ. இடைவேளைக்குத் தேத்தண்ணி தருவினம்."

மூலையில் கிடந்த ஸ்டூலில் இருந்தேன். மணி அடிக்கும் வரை நானும் அசையவில்லை.