போலாம்ரைட் பிரித்த கல்வாழை

உத்திரமேரூரில் இன்றைக்குப் பூத்திருக்கும் கல்வாழைகளில் பாதிக்கு மேல், ஒருவர் வீட்டில் கேட்காமல் பிடுங்கி, வேண்டாம் என்ற இன்னொருவர் வீட்டில் நட்டவைதான். இரண்டு வேலையையும் செய்தவர் ஒரே ஆள். எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் 'போலாம்ரைட்'. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம், நாங்கள் கேட்டதில்லை.

கூட்டம் என்றால் அவருக்குப் பொறுக்காது. கல்வாழை நாலு வருடம் ஓரிடத்தில் நின்றால் கிழங்கு பெருத்து, நெருக்கியடித்து, இலையாக விட்டுப் பூவைக் குறைத்துவிடும். அப்படி ஒரு புதர் கண்ணில் பட்டால் போதும், கழுத்தில் பழைய விசிலும் தோளில் கடப்பாரையுமாக வந்துவிடுவார்.

"இன்னாய்யா இது, படிக்கட்டுல தொங்கிக்கினு வர்றீங்க? நடுவுல கீற பெருசெல்லாம் எறங்கு. பின்னாடி வண்டி காலியா வருது!"

செடியிடம்தான் இவ்வளவும். ஒரு விசில் என்றால் தோண்டுவதை நிறுத்த வேண்டும், இரண்டு என்றால் புதரைத் தூக்க வேண்டும். ஊதுவதும் அவரே, கேட்டு நடப்பதும் அவரே. பிறகு மண்ணை உதறி, தண்டைக் குட்டையாக நறுக்கி, துண்டுக்கு இரண்டு முளை இருக்கும்படி கிழங்கை வெட்டி, வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் தடவுவார். அந்த வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது.

ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போனவர், மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது கிணற்றடிப் புதரைப் பார்த்துவிட்டார். "எடுக்க இன்னும் டைம் கீது இல்ல?" என்று அந்த வீட்டு மாப்பிள்ளையிடமே கடப்பாரை கேட்டார். பறை அடிக்கத் தொடங்கியதால் புதர் பிழைத்தது.

வாங்க மறுத்தவர்களும் உண்டு. மளிகைக்கடை பாய் சண்டைக்கே வந்தார்.

"யோவ், வாசல் ஃபுல்லா சிமென்ட்டு. எங்கய்யா நடுவ?"

"எண்ணெ டின்னு காலியா கீதா பாய்?"

"கீது. அதுக்கின்னா?"

"அதான் சீட்டு. ஒக்கார வையி."

எங்கள் வீட்டிலும் ஒரு புதர் இருந்தது. மஞ்சள் பூவில் சிவப்புப் புள்ளி. பெருநகர் கிராமத்தில் என் மாமியார் வைத்தது. அவர் போய், வீட்டையும் விற்ற பிறகு, அம்மா நினைவாக என் மனைவி கொண்டுவந்தது அந்தக் கிழங்கு ஒன்றைத்தான். இரண்டு வருடமாகப் பூக்கவில்லை. போலாம்ரைட் அதைப் பிரிக்க மூன்று முறை கேட்டுப் பார்த்தார்.

"அத மட்டும் தொடாதீங்கண்ணா. எங்கம்மா கைபட்டது" என்று சொல்லிவிட்டாள்.

தொடவில்லைதான், ஆடி மாதம் நாங்கள் ஒரு விசேஷத்துக்கு வாலாஜாபாத் போகும்வரை. இரண்டு நாள் கழித்துத் திரும்பினால் புதர் இருந்த இடத்தில் பள்ளம். ஓரமாக மூன்று துண்டு. பக்கத்தில் பெருமையாக அவர்.

"பதினாலு துண்டு தங்கச்சி! மூணு ஒனக்கு. மீதி பதினொண்ண தெரு ஃபுல்லா எறக்கி வுட்டேன்."

என் மனைவி பள்ளத்தருகே உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து, "இனிமே இந்த வாசல மிதிக்காதீங்க" என்றாள். மூன்று மாதம் அவர் இருக்கும் பக்கமே திரும்பவில்லை. எனக்கு அவரிடம் கோபமில்லை. ஆனால் வீட்டில் சோறு சாப்பிட வேண்டியிருந்ததால், பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் மட்டும் வணக்கம் வைத்தேன்.

ஐப்பசி மழையில் எங்கள் சுற்றுச்சுவர் ஒரு பக்கம் சரிந்தது. அந்த வழியாகப் பன்றிகள் புகுந்து, நட்டு வைத்திருந்த மூன்று கிழங்கையும் கிளறித் தின்றுவிட்டுப் போயின. வெறும் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள் மனைவி. இந்த முறை அழக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்று மத்தியானம் கேட்டுக்கு வெளியே ஒரு விசில் கேட்டது. போலாம்ரைட். தலையில் கோணி மூட்டை, கையில் எண்ணெய் டின். டின்னில் கல்வாழை, அதில் ஒரு பூ. மஞ்சளில் சிவப்புப் புள்ளி.

"எந்தத் துண்டு எந்த ஸ்டாப்புல எறங்குச்சின்னு எனக்குத் தெரியாதாம்மா? பதினோரு வூட்டுலயும் ஆளுக்கு ஒண்ணு புடுங்கினு வந்துட்டேன்."

பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்தார் பாய். "கேட்டா குடுக்க மாட்டேன்னா சொன்னேன்? கல்லாவுல நான் குனிஞ்சிக்கினு இருக்கறப்ப டின்னோட தூக்கினு வந்துட்டாம்மா!"

என் மனைவி அந்தப் பூவை ரொம்ப நேரம் பார்த்தாள். கேட்டைத் திறந்தாள். அவர் நகரவில்லை.

"மிதிக்கக் கூடாதுன்னியேம்மா."

"கடப்பாரைய எடுத்துக்கினு வந்தீங்களாண்ணா?" என்றாள் அவள்.

பிறகு எனக்குத் தாமலுக்கு மாற்றல் வந்தது. வழியனுப்ப வந்தவர், ஈரச்சாக்கில் சுற்றிய கிழங்கை பஸ் ஜன்னலோரம் வைத்துவிட்டுக் கீழே நின்று இரண்டு விசில் ஊதினார். பழக்க தோஷம். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். நிஜக் கண்டக்டர் டீக்கடையிலிருந்து கிளாஸோடு ஓடிவந்தார்.

அதெல்லாம் நடந்து நாலு வருடமாகிறது. இப்போது தாமல் வீட்டிலும் கல்வாழை நெருக்கியடித்து நிற்கிறது. போன வாரம் நானே பிரிக்கிறேன் என்று கடப்பாரையை எடுத்தேன். மனைவி அதை என் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"அண்ணா, இங்க கூட்டம் தாங்கல. எப்ப வர்றீங்க?"

எனக்கும் அவரைப் பார்க்க வேண்டும் போலத்தான் இருந்தது. போனில் இரண்டு விசில் கேட்டது.