நாற்பது டிகிரியில் ஒரு கைக்கடிகாரம்

நடந்தவை, வரிசைப்படி:

1. மாமாவின் பழைய கைக்கடிகாரத்தைத் தண்ணீரில் போட்டேன்.
2. வேண்டுமென்றேதான் போட்டேன்.
3. அரை மணி நேரம் துவைத்தேன். (இது வேண்டுமென்று இல்லை.)

எனக்குப் பழைய குரோனோகிராஃப் சேர்க்கும் பைத்தியம் உண்டு. பொத்தானை அழுத்தினால் ஸ்டாப்வாட்ச் போலவும் ஓடும் கைக்கடிகாரங்கள். அதிலும், தண்ணீர் புகாதபடி பின்மூடியைத் திருகி மூடும் ஆரம்பகால வகை என்றால் எனக்குச் சோறே வேண்டாம். காங்கேயத்தில் அரிசி ஆலை வைத்திருக்கும் என் தாய்மாமாவிடம் அப்படி ஒன்று இருந்தது. ஸ்டாப்வாட்ச் முள் மட்டும் ஓடாது. மூன்று ரிப்பேர்காரர்கள் கைவிட்டது. மூடியின் ரப்பர் வாஷரை மாற்றினால் இன்றைக்கும் அதற்குள் தண்ணீர் போகாது என்று அவரிடம் பெரிதாகப் பேசிவிட்டேன்.

"போகலீன்னா வாட்ச் உனக்கு, அம்மிணி. போச்சுன்னா நீ சேத்து வெச்சிருக்கற பதினொன்னும் எனக்கு" என்றார்.

நான் வேலை பார்ப்பது திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில். துவைத்தால் துணியின் சாயம் போகிறதா என்று பார்க்க அங்கே ஓர் இயந்திரம் உண்டு: மூடிய எஃகுக் குவளைகளை நாற்பது டிகிரி வெந்நீரில் சுற்றும். வாஷரை நானே மாற்றி, ஒரு குவளையில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, கடிகாரத்தைப் போட்டு மூடி, மேசையில் துணி போட்டு வைத்திருந்த ஏழு குவளைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதற்குள் ஏற்றுமதி ரிப்போர்ட் கேட்டு போன். அவசரத்தில் மேசையிலிருந்த எட்டுக் குவளைகளையும் மாட்டி ஓட்டிவிட்டேன்.

'டக் டக்' என்று சத்தம். உடன் வேலை செய்யும் ரேவதி, "என்னங்க்கா அது?" என்றாள்.

பேரிங் போகிறது என்று விளக்கினேன். மெயின்டனன்ஸுக்குப் புகாரும் எழுதினேன். (கையெழுத்துடன்.)

எட்டாவது குவளையைத் திறந்தபோதுதான் உண்மை தெரிந்தது. கண்ணாடிக்குள் ஒரு துளி ஈரமில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கூடவே, ஓடாத ஸ்டாப்வாட்ச் முள்ளும். அது காட்டிய கணக்கு இருபத்திரண்டு நிமிடம். எட்டாவது நிமிடத்தில் எங்கோ மோதிப் பொத்தான் அமுங்கியிருக்கிறது.

மறைக்காமல் மாமாவிடம் சொன்னேன். அவர் வாசலுக்குப் போய், வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அத்தைதான் கேட்டார்: "தொவச்சது சரி. அயர்ன் பண்ணுலயா கண்ணு?"

இப்போது கடிகாரம் என் கையில். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் என்னை "வாட்ச் தொவைக்கற புள்ள" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். மாமா மட்டும் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்காருவதில்லை.