சொல்தாவின் கட்டைக்கால்

தெட்சிணாமூர்த்தி வாங்கிய பழைய கறுப்புக் காருக்குள் செத்துப்போன மனுசர் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். அப்படித்தான் தெட்சிணாமூர்த்தி தன் பெண்டாட்டி மங்கையர்க்கரசியிடம் சொல்லிவைத்திருந்தார்.

செத்தவர் செல்லக்கண்ணு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாகச் சேர்ந்து, சைகோனில் ஒரு காலைக் கொடுத்துவிட்டு, கட்டைக்காலோடு ஊர் திரும்பிப் பென்சன் வாங்கியவர். அவர் போன பிறகு அவருடைய அந்தக் காரை வாங்கும்போது தெட்சிணாமூர்த்தி மச்சினன்மார் முன்னால் ஒரு வாக்குக் கொடுத்தார். மங்கையர்க்கரசி குரும்பகரம் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பஸ் கிடைக்காமல் தினம் வெயிலில் காய்கிறாள். அவள் ஓட்டப் பழகினால் வண்டி அவளுக்குத்தான் என்றார். அவளும் தம்பியிடம் பழகி லைசென்சே வாங்கிவிட்டாள். சாவிதான் வரவில்லை. அவளிடம் கொடுத்துவிட்டால் கருக்களாச்சேரிக் கடற்கரையில் சாயங்காலம் யார் பந்தாவாக இறங்குவது?

அதற்குத் தோதாக வண்டி உதற ஆரம்பித்தது. நின்ற இடத்தில் கியர் கம்பி நடுங்கும். கிளம்பினால் காலடியில் 'தட்' என்று இடிக்கும். ஒர்க்‌ஷாப் மதார் சாகிப் பானெட்டைத் திறந்துவைத்து, பிரேக்கை மிதித்தபடி கிளட்சை லேசாக விடச் சொன்னார். இஞ்சின் ஒரு பக்கமாக எழும்பி உட்கார்ந்தது. இஞ்சினைத் தாங்குகிற ரப்பர் எண்ணெயில் ஊறி வெடித்துப்போச்சு, இரும்போடு இரும்பு மோதுது, மவுண்டிங்கை மாத்தணும், விட்டால் ஒருநாள் ஃபேன் போய் ரேடியேட்டரைக் கிழிக்கும் என்றார். பார்க்கலாம் பாய் என்று சொல்லிவிட்டு வந்தார் இந்த மகானுபாவர்.

அன்று அந்தியில் மங்கையை ஏற்றிக்கொண்டு போய்க் கடற்கரைச் சவுக்குத் தோப்போரம் நிறுத்தினார். இஞ்சினை அணைக்கவில்லை. காற்று அசையவில்லை. ஆனாலும் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது, கியர் கம்பி தானாக ஆடியது.

"கேக்குதா மங்கை? பின்சீட்டுல சொல்தா இருக்காரு. தன் வண்டியப் பொம்பளை தொடக்கூடாதாம். கட்டைக்காலால தட்டுறாரு பாரு."

வண்டியை நகர்த்தினார். தட். அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். சொன்ன பொய்யில் அவருக்கே முதுகு சில்லிட்டது.

சனிக்கிழமை சைக்கிளில் ஆபீஸ் போய்த் திரும்பியவர் காரை எடுத்தார். சாவி பகல் முழுக்க அவர் பையில்தான் இருந்தது. கியர் கம்பி ஆடவில்லை. கிளம்பினார், தட்டவில்லை. இழவு வீட்டில் அழுகை சட்டென்று நின்ற மாதிரி ஓர் அமைதி. வெடித்த ரப்பர் தானாக ஒட்டுமா? நேரே மதார் சாகிப்பிடம் ஓடினார். ரெண்டு நாளாகத் தான் நாகூரில் இருந்ததாகவும், அல்லா அறிய வண்டியில் தன் கை படவில்லை என்றும் அவர் சொன்னார். பாய் பொய் சொல்கிற ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்தால் மங்கை நடுவீட்டில் சூடம் கொளுத்தி வைத்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"சொல்தா கனவுல வந்தாருங்க. வாக்குத் தவறினவன் ஸ்டீரிங்கைத் தொடுறதுதான் அவருக்குப் பிடிக்கலையாம். இன்னிக்கு ஒரு நாள் தட்டாம விடுறேன், நாளைக்குத் தொட்டான்னா முன்சீட்டுக்கே வந்துடுவேன்னு சொன்னாரு."

எல்லாம் பொய் என்று சொல்லலாம். ஆனால் முதல் பொய் யாருடையது? அதோடு, அந்த அமைதி பொய்யில்லையே. தெட்சிணாமூர்த்தி எரிகிற சூடத்தை அடித்து அணைத்து, இனி ஸ்டீரிங்கைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். சூடம் அடித்துச் செய்த சத்தியத்தை மீறினால் குடும்பம் விளங்காது. உள்ளங்கை கன்றிப்போனது.

திங்கட்கிழமை அவள் ஓட்டினாள். ஆபீஸ் வாசலில் இறக்கிவிடுவாள் என்று நம்பி ஏறியவர், பின்சீட்டில் ஓரமாக, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார். வண்டி ஆபீசைத் தாண்டிப் போயிற்று. ஏன் என்று கேட்கப் பயமாக இருந்தது. குரும்பகரம் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி, சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"ரெண்டு பக்க மவுண்டிங்கும் புதுசுங்க. ஒண்ணை மட்டும் மாத்தினா மத்தது சீக்கிரம் போயிடுமாம். பழுது என்னன்னு சொன்னதும், ஜாக்கி மேல பலகை வெச்சு இஞ்சினைத் தூக்கிக் குடுத்ததும் பாய் சம்சாரம் கமர் நிஷா அக்கா. போல்ட்டு முடுக்கினது நான். பானெட்டைத் திறக்கச் சாவி வேணாமே."

அவர் கை சாவிக்கு நீண்டு, பாதியில் மடங்கியது. சத்தியம் சத்தியம்தானே.

"பெல் அடிச்சிட்டாங்க, நான் போறேன். நீங்க அந்த மரத்தடியில நில்லுங்க. ஒம்பதரை பஸ்ஸு சில நாள் வரும்."