எடையில்லாத ஸ்பானர்

முடிந்த வேலையை முடிந்ததாக விடமாட்டாத ஓர் இனம் உண்டு, ஐயா. இறக்கிவைத்த மீன்கறியில் இன்னும் கொஞ்சம் புளி பிழியும். கட்டிய வீட்டில் ஜன்னலை ஒரு சாண் தள்ளச் சொல்லும். ஆமென் சொன்ன ஜெபத்துக்குப் பின்குறிப்புச் சேர்க்கும். கெட்ட எண்ணமா? சேச்சே. நல்ல எண்ணந்தான். அதுதான் ஆபத்து.

பாறசாலைப் பக்கத்துப் பாலிடெக்னிக் மாணவன் சிபி இதில் நல்ல மாதிரி. தொண்ணூற்றாறில், விண்வெளிக்கான கருவி செய்யும் மாணவர் போட்டிக்கு அவனும் லிஷாவும் ஒரு குழு. லிஷா ஒரு ஸ்பானர் செய்தாள். தடித்த கையுறையோடு பிடிக்க அகலமான கைப்பிடி. கழற்றிய நட்டு மிதந்து போகாதிருக்க ஒரு காந்தம். அவ்வளவுதான். தேர்வானால் அவளுக்குத் திருவனந்தபுரத்தில் தொழிற்பயிற்சி. இல்லையென்றால் மாமாவின் ஜவுளிக்கடையில் சேலை மடிப்பு. சபையில் ஸ்பானருக்காக ஜெபமே நடந்துவிட்டது.

சிபி முதலில் அந்த ஸ்பானரோடு ஒரு சுத்தியலை முடுக்கினான். பிறகு டார்ச், கடிகாரம், குப்பி திறப்பான்.

"எலே, கனக்குது" என்றாள் லிஷா.

"அங்க கனமே கெடையாதாக்கும், மக்கா!"

இந்தப் பதிலுக்கு எந்த ஊரில் மறுப்பு உண்டு? போட்டி நாளில் இருவரும் சேர்ந்துதான் ஸ்பானரை அமரவிளை பஸ் ஸ்டாப்புக்குச் சுமந்தார்கள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார்.

"விண்வெளியில இதுக்கு எடை இல்ல, சேட்டா" என்றான் சிபி.

"எங்கில் அங்கோட்டு போயிட்டு கேறிக்கோ."

அங்கேயே போய் ஏறிக்கொள்ளச் சொல்லிவிட்டு டபுள் பெல். பஸ் போய்விட்டது.

லிஷா சாலையோரம் குந்தி, குறடை எடுத்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சுத்தியல் போனது. கடிகாரம் போனது. டார்ச்சில் கை வைத்தபோது சிபி மெல்லச் சொன்னான்:

"அங்க ஒருத்தன் தனிச்சுல்லா இருப்பான். வெட்டம் வேண்டாமா?"

குறடு கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு அசைந்தது.

அடுத்த பஸ்ஸில் ஸ்பானர் லிஷாவின் மடியில். கழற்றியதெல்லாம் சிபியின் சோற்றுப்பையில். நடுவர் காற்றடைத்த கையுறையை மாட்டி நட்டைத் திருகினார். அது கழன்று, காந்தத்தில் சமத்தாக உட்கார்ந்தது. பயிற்சிக்கு லிஷாவின் பெயரை எழுதிக்கொண்டார். முதலில் கைதட்டியவன் சிபி. தட்டி முடித்ததும், "சார், இதுல ஒரு சின்ன டார்ச்சுகூட..." என்று பையை அவிழ்த்தான்.

இவ்வளவுதான் கதை. என்ன, கடைசியில் அந்த டார்ச்சை நடுவர் ஒருமுறை எரியவிட்டுப் பார்ப்பதாக ஒரு வரி சேர்த்தால் இன்னும் நன்றாயிருக்கும் என்று தோன்றுகிறதா? வாருங்கள். சிபியின் பக்கத்து சீட் காலிதான்.